தொண்ணூற்றேழு டிகிரி

பதினோரு ஸ்க்ரூவும் வெளியே வந்துவிட்டன, அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படம் போட்டு எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்திருக்கிறேன், இனிமேல் தப்பாகப் போக வழியில்லை, முப்பது வருஷமாக இப்படித்தான் வேலை பார்க்கிறேன், கழற்ற யாராலும் முடியும், கழற்றியதைத் திரும்ப மாட்டும்போதுதான் யார் பொறியாளர் யார் இல்லை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறேன், பேட்டரியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாயிற்று, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கி மிச்சமிருந்த கரன்டையும் இறக்கியாயிற்று, ஜன்னல் கம்பியைத் தொட்டு என் உடம்பில் இருப்பதையும் இறக்கியாயிற்று. தூசி பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருக்கிறேன். தூத்துக்குடியில் சித்திரை மாசம் ஃபேன் இல்லாமல் இருப்பது சும்மா காரியமில்லை, முழங்கையிலிருந்து சொட்டுகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் கஸ்பார் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் மூன்று வருஷமாக அவர் கையால் எதையும் எடுத்ததில்லை, ஒன்றரை வருஷமாக வாயால் எதையும் சொன்னதில்லை, அவர் சொல்வதெல்லாம் இதோ நான் வயிற்றைப் பிளந்து வைத்திருக்கிற இந்த லேப்டாப் வழியாகத்தான், அதனால் இந்த இரண்டு மணி நேரம் என் புருஷனுக்குப் பேச்சு கிடையாது. மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை. அது மட்டும்தான் மிச்சம். ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். மேலே பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

மாடியிலிருந்து ரெஜினா இறங்கி வருகிறாள், கஸ்பாரின் தங்கை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை, வாசலிலேயே நின்று மேஜையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைக்கிறாள். “மைனி, என்ன மைனி இது, மீனைக் கழுவி வச்ச மாதிரி வச்சிருக்கிய? கடைக்காரன்ட்ட குடுத்தா செய்ய மாட்டானா?” கடைக்காரனிடம் கேட்டேன், மூன்று பேரிடம் கேட்டேன், பன்னிரண்டு வருஷத்து மாடல், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க என்றார்கள். “புதுசுல அந்தக் கண் கேமரா ஓடாது ரெஜி. உன் மகன் லேப்டாப்புல போட்டுப் பாத்தோம்லா, அப்படி ஒண்ணு மாட்டியிருக்குன்னே அதுக்குத் தெரியல.” அந்தக் கேமராவைச் செய்த கம்பெனி மூடிப் போய்விட்டது. கஸ்பாரின் கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லாக்குகிற அந்தச் சாமான் இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. “சரி, நாளைக்கு டாக்டர்ட்ட போணும்லா, அது முடியட்டுமே, பெறவு கழட்டலாம்லா” என்கிறாள். நாளைக்கு டாக்டரிடம் போகணும் என்பதால்தான் இன்றைக்குக் கழற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, கஸ்பார் கேட்டுக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து, “பயப்படாத, நான் பாத்துக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் மேலே பார்த்தார், அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு படியேறிப் போனாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். நான் முதல் தடவை துணை மின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து உள்ளே பார்த்தபோது என் கையும் நெஞ்சுக்குத்தான் போனது.

சூட்டை வெளியே கொண்டுபோகிற செம்புக் குழாயைப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவுக்கு மேலேயும் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண் போட்டிருக்கிறது, கழற்றும்போது நாலிலிருந்து ஒன்றுக்கு வரணும், ஒரேயடியாக அல்ல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக. இதோ தூக்கிவிட்டேன். அடேயப்பா. குழாயின் நுனியில் சீப்புப் பல்லைப் போல் நிற்கிற தகடுகளுக்கு இடையே பஞ்சு மெத்தை மாதிரி தூசி, காற்று போக ஊசி நுழைகிற இடம்கூட இல்லை, சூட்டைக் குழாய்க்குக் கடத்த ப்ராசஸர்மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புச் செதிலாக உதிர்கிறது. இதற்குள் இது எப்படி ஓடியது? தொண்ணூற்றேழு டிகிரி. நான் திரையின் மூலையில் வெப்பம் காட்டுகிற எண்ணைப் போட்டு வைத்து எத்தனை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கஸ்பார் நாலாவது சொல்லுக்குப் போகும்போது எண்பத்தைந்து, ஆறாவது சொல்லுக்குத் தொண்ணூறு, வாக்கியம் முடிகிற நேரம் தொண்ணூற்றேழு, பிறகு சத்தமே இல்லாமல் திரை இருண்டுவிடும், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பொருள், அதைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டரின் அறையிலும் அப்படித்தான் இருண்டது. மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டு வருகின்றன, ராத்திரி மாட்டுகிற முகமூடி மெஷின் இன்னும் ஆறு மாசம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷினில் வருஷக்கணக்காக இருக்கலாம், ஆனால் வைத்த பிறகு எடுக்கிறது என்பது வேறு பேச்சு, அதனால் முடிவை அவர்தான் சொல்லணும் என்றார் டாக்டர் வேணுகோபால், நல்ல மனுஷன், நாற்காலியை இழுத்துப் போட்டு கஸ்பாருக்கு நேராக உட்கார்ந்துதான் கேட்டார். கஸ்பார் “எனக்கு” என்றார். அந்த ஒரு சொல், வெளியே காத்திருந்த ஒரு மணி நேரத்திலேயே பெட்டி சூடேறியிருந்தது. மெஷின் செத்துப் போனது. அப்போது நான் என்ன செய்தேன்? நான் சொன்னேன், “குழாய் வச்சிரலாம் டாக்டர்.” கஸ்பார் தரையைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க சொல்றது செல்லாது மேடம். ஆமா இல்லைன்னு கண்ணைக் காட்டுறதும் இதுக்குப் போதாது. அவரே முழுசா சொல்லணும். மெஷினைச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார். எழுத்து அட்டை ஒன்று வைத்திருக்கிறோம், நான் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் போக அவர் நிறுத்தச் சொல்வார், ஆனால் அதைப் படிக்கிறது நான்தானே, டாக்டர் அதையும் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாம் சரிதான். ஏன் தரையைப் பார்த்தார்? ஆமாம் என்றால் மேலே பார்த்திருக்கலாமே. கழுத்து தொய்ந்திருக்கும். அந்த நேரம் அவருக்குக் கழுத்து தொய்கிற நேரம்தான், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் தலை நிற்காது. பழைய பெயின்ட் பிரஷை எடுத்துத் தூசியைக் கிளறுகிறேன், முழு மெத்தையாக ஒரே இழுப்பில் வருகிறது, தூக்கிக் கஸ்பாருக்குக் காட்டினேன், “பாத்தியளா, இதான் உங்க வாயை அடைச்சுக்கிட்டு இருந்தது.” கண்ணோரம் சுருங்கியது. சிரிப்புதான்.

தூசி எடுத்தால் மட்டும் போதாதா என்று ஒருவர் கேட்கலாம், நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். போதாது. ப்ராசஸரையே மாற்றணும், பழையது ரொம்பச் சின்னது, கேமரா படத்தைப் பார்க்கவும், கண்ணைத் தேடவும், குரலாக்கவும் எந்நேரமும் நூறு சதவீதம் ஓடுகிறது, மூச்சு வாங்க ஒரு நொடி இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாசம் என் பொறுப்பில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் கிடந்தது, ஊர் முழுக்க ஏசி வாங்கிக்கொண்டே போக அது மட்டும் பழைய அளவிலேயே நின்றது, ஒரு மத்தியானம் அதைக் குளிர வைக்கிற ஃபேன்களில் இரண்டு நின்றுபோய் உள்ளே சூடு ஏறுகிறது ஏறுகிறது, நான் யாரிடமும் கேட்கவில்லை, பாதி ஊருக்குக் கரன்டை நிறுத்தினேன். நாற்பது நிமிஷம். ஃபோனில் வந்த வசவை இன்றைக்கும் எழுத்து பிசகாமல் சொல்ல முடியும். ஆனால் அது எரியவில்லை, மறுவருஷம் பெரிசு வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. சூட்டை நான் நன்றாக அறிவேன். அதற்கு வெளியே போக ஒரு வழி வேணும், அதைவிட முக்கியம், பொருளை அதன் தெம்புக்கு மேல் ஓட விடாமல் இருக்கணும். இதோ சாக்கெட்டின் ஓரத்தில் இருக்கிற திருகை அரைச் சுற்று திருப்பினால் பிடி விடும். விட்டது. பழையதைத் தூக்குகிறேன், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு, அடியில் நூற்றுக்கணக்கில் தங்கக் கால்கள். இவ்வளவுதானா. ஒன்றரை வருஷம் கஸ்பார் பேசினதெல்லாம் இந்தக் கால்கள் வழியாகவா போனது, இட்லிக்குச் சட்னி போதும், முதுகு அரிக்குது, அந்தச் சேலை உனக்கு நல்லாயில்லை, எல்லாம். கீழே வைக்க மனசில்லாமல் துண்டின் ஓரத்தில் வைக்கிறேன்.

புதுசைப் பிரிக்கணும். புதுசு என்றால் அதுவும் பழசுதான், இதே காலத்து வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது, சென்னையில் பழைய பாகம் விற்கிற ஒருவர் அனுப்பியது, வேலை செய்கிற மையம், கோர் என்பார்கள், இதில் நாலு, அதில் இரண்டுதான், சாக்கெட் ஒன்றேதானா, இந்த போர்டு இதை ஏற்குமா என்று மூன்று இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் வரவழைத்தேன். பார்சலைக் கத்தரியால் வெட்டும்போது மேலே ஒட்டியிருக்கிற தேதி கண்ணில் படுகிறது, கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு வெட்டுகிறேன், யாரிடமிருந்து மறைக்கிறேன்? டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது இது. அலமாரிமேல் கிடந்தது. ஆபீசில் வேலை, வருடாந்தரப் பராமரிப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வீட்டில் விசேஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி. தலைவலியா? எனக்கா? புயலன்றைக்குக்கூட லீவு போடாதவள் நான். சரி, இதையும் திறந்து பார்த்துவிடலாம், மேஜை முழுக்கத் திறந்துதானே கிடக்கிறது. மெஷின் சரியாகிவிட்டால் அவர் வாக்கியத்தை முடிப்பார். முடித்தால் ‘எனக்கு வேண்டாம்’ என்று முடிப்பார். அதுதான். ‘எனக்கு’ என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று மூன்று வாரமாக விதவிதமாகப் போட்டுப் பார்க்கிறேன், எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. இருட்டின திரை எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன், மனசுக்குள்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை. நிமிர்ந்தால் கஸ்பார் பார்த்துக்கொண்டிருக்கிறார். “வேர்க்குதா?” மேலே பார்த்தார். துண்டின் நுனியால் நெற்றியைத் துடைத்தேன், மூக்கு நுனியையும்.

ஒரு கால் வளைந்திருக்கிறது. மூலையிலிருந்து மூன்றாவது வரிசை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் நாற்று நட்ட வயலைப் போல நேராக நிற்க அது மட்டும் பக்கத்துக் காலின்மேல் சாய்ந்திருக்கிறது. வழியில் அடிபட்டிருக்கும். இப்படியே சாக்கெட்டில் அமுக்கினால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் நாளைக்கு டாக்டரிடம் போய் என்ன சொல்வது, பழையதையே திரும்பப் போடலாம், போடலாம்தானே, நல்ல பேஸ்ட் வைத்து, தூசியும் போயிற்று, பத்து நிமிஷம் தாங்கும், பத்து நிமிஷத்தில் ஒரு மனுஷன் தன் உயிரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நிறுத்து எமி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காலைப் பார். கஸ்பாரின் மேஜை டிராயரில் பரீட்சைத் தாளில் மார்க் போடுகிற மைக்ரோ டிப் பென்சில் இருக்கிறது, அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார், எடுத்து வந்து லெட்டைத் தட்டி வெளியே தள்ளினேன், லெட் வருகிற அந்தக் குழல்நுனி வளைந்த காலுக்குச் சட்டை தைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே நுழைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதிரே அவரும் பிடித்துக்கொண்டது தெரிகிறது, அவரிடம் பிடித்துக்கொள்ள அவ்வளவு மூச்சு இல்லை, விடுங்க, நீங்க விடுங்க என்று சொல்ல முடியாமல் வளைக்கிறேன், ஒரு மயிரிழை, இன்னும் ஒன்று. நேராகிவிட்டது. ஒடியவில்லை. “நின்னுட்டு” என்றேன், இருவரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

அதன் பிறகு கை தானாகப் போகிறது. சாக்கெட்டில் வைத்தால் தன் கனத்திலேயே உட்காருகிறது, அமுக்க வேண்டியதில்லை, திருகை அரைச் சுற்று, பூட்டியாயிற்று. பழைய செதிலை ஸ்பிரிட் தொட்ட துணியால் செம்பு பளபளக்கிற வரை துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பச்சைப் பட்டாணி அளவு, அதற்கு மேல் வைத்தால் வழியும், வழிந்தால் சூடு தேங்கும். குழாயை வைத்து ஒன்று இரண்டு மூன்று நாலு, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஃபேன் வயர். கழற்றி வைத்த மெமரித் தகடு. பதினோரு ஸ்க்ரூ, அட்டை காலி, நாற்காலியில் இருந்த பேட்டரியும் உள்ளே போயாயிற்று. கண் கேமராவைத் திரைக்குக் கீழே மாட்டினேன். மணி பன்னிரண்டு ஐந்து. கழுத்து தொய்வதற்குள் முடிக்கணும். பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் சுழல்கிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. பத்து எண்ணுகிறேன், இருபது, ஃபேன் மட்டும் ஊவென்று ஏறி நிற்கிறது, ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. ஒடிந்துவிட்டதோ, உள்ளே போகும்போது ஒடிந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே, போர்டு இதை ஏற்கும் என்று மூன்று இடத்தில் நான் தப்பாகப் படித்துவிட்டேனோ, அல்லது நான், என் கை, வேணுமென்றே, சே, அப்படி ஒரு கை எனக்கில்லை, ஆனால் மூன்று வாரம் பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்தது யாருடைய கை? கஸ்பார் என்னைப் பார்க்கவில்லை, கறுப்புத் திரையைப் பார்க்கிறார், அதில் அவர் முகம்தான் தெரியும். சரி. கரன்ட் போனால் முதலில் என்ன பார்ப்போம்? கடைசியாகக் கை வைத்த இடத்தை. உள்ளே கடைசியாக எதை மாட்டினேன்? மெமரி. அணைத்தேன், பேட்டரியை எடுத்தேன், மெமரியின் மூடியை மட்டும் திறந்தேன், பார்த்தால் ஒரு பக்கம் கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அரிசி அகலத்துக்கு வெளியே நிற்கிறது. கட்டைவிரலால் அமுக்கியதும் டக்கென்று சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தை முத்தமிடலாம் போல் இருந்தது. பேட்டரியை மாட்டி மறுபடி பட்டன். வெள்ளை எழுத்து வந்தது. பிறகு நீலம். பிறகு அவருடைய எழுத்துப் பலகை.

ஐம்பத்திரண்டு டிகிரி. அப்படியே அவரிடம் தள்ளவில்லை, முதலில் பவர் அமைப்பில் போய், ப்ராசஸர் அதிகபட்சம் எவ்வளவு ஓடலாம் என்ற இடத்தில் நூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டேன், அந்த ஒன்றைக் குறைத்தால் அது திடீர் திடீரென்று எகிறிப் பாயாது, எகிறாவிட்டால் சூடும் ஏறாது, அவருக்குத் தேவையும் அவ்வளவு இல்லை. அடியில் காற்றுப் போக இரண்டு மரக்கட்டை கொடுத்தேன். அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டில் நின்றது. நின்றே நின்றது. கேமரா பார்வையைப் பிடிக்கத் திரையில் காட்டுகிற ஒன்பது புள்ளிகளை அவர் கண் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது, முன்னெல்லாம் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நொடி யோசிக்கும், இப்போது பார்த்ததும் பச்சையாகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.  “பேசுங்க” என்றேன்.

“ஃபேனைப் போடு” என்றது மெஷின்.

ஓடிப் போய்ப் போட்டேன். சிரிப்பு வந்துவிட்டது, இவரை வேர்வையில் ஊற வைத்திருக்கிறேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்த சொல், “நாளைக்கு.” ஆமா, பத்தரை மணிக்கு, நான் லீவு சொல்லிட்டேன் என்றேன். கண்ணை மூடினார். இல்லை. மறுபடி ஆரம்பித்தார், “நாளைக்கு நான் பேசும்போது நீ வெளியே இரு.” எழுபத்துநாலு டிகிரி. “ஏன்?” என்றேன். “நீ என் வாக்கியத்தை முடிச்சிருவ” என்றது மெஷின், கோபம் இல்லாமல், அதற்குக் கோபப்படத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. அது சூடாகிவிடுமே என்றுதான் முடித்தேன், தண்ணி என்றால் வேணுமா என்றும் முதுகு என்றால் அரிக்குதா என்றும், பாவம் கண் வலிக்குமே என்றுதான். எத்தனை தப்பாக முடித்தேனோ. மேலே பார்த்துப் பார்த்து எத்தனை தப்புக்கு ஆமாம் போட்டாரோ. “சரி, வெளிய இருக்கேன்” என்றேன். அவர் நிறுத்தவில்லை. எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக. “பார்சல் மூணு வாரமா அலமாரி மேல இருந்துது.” அவருடைய நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிற இடம் அலமாரியின் மேல்தட்டுதான், நாள் முழுக்க வேறு என்னத்தைப் பார்த்திருப்பார்? “ஏன் எமி?”

கிழிந்து கிடந்த பார்சல் உறையை, ஒட்டியிருந்த தேதி அவருக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி எடுத்தேன். “மெஷின் சரியானா நீங்க வேண்டாம்னு சொல்லிருவியளோன்னு இருந்துது.”

கண் திரைக்குப் போனது. “சொல்லலாம்னுதான் இருந்தேன்.” அடுத்து, “அன்னைக்கே மெஷின் ஓடியிருந்தா சொல்லியிருப்பேன்.”

எழுபத்தாறு. எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். “இப்ப?” அவர் என்னைப் பார்த்தார், நீளமாக, பிறகு எழுத்துக்கு. “இப்ப வேணும்.” என்ன ஆயிற்று இந்த மூன்று வாரத்தில், நான் ஏதும் செய்தேனா, யாராவது வந்து பேசினார்களா, ரெஜினாவா, கோயில் சாமியாரா, எனக்குத் தொண்டைக்குள் பத்துப் பதில் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றும் அவருக்காக முடித்து வைக்கத் தயாராக. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கண் போகிறது, நிற்கிறது, ஒரு எழுத்தை அழிக்கிறது, மறுபடி போகிறது. நான்கு நிமிஷம் இருக்கும்.

“காரணம் ஒண்ணும் இல்ல. இருக்கணும்போல இருக்கு.”

நான் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அழுதேனா என்றால் அழுதேன், சத்தம் போடவில்லை. தலைக்கு மேலே மெஷின் சொன்னது, “பசிக்குது.”

சமையலறைக்கு வந்துவிட்டேன். அவருக்கு எல்லாம் கூழாக இருந்தால்தான் இறங்கும், சோற்றையும் ரசத்தையும் மிக்ஸியில் போட்டு மூடியை அழுத்துகிறேன், அதற்குள் கூடத்திலிருந்து அந்தக் குரல், “டாக்டர், நான் சொல்றது” என்று ஆரம்பிக்கிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து, “டாக்டர், முதல்ல ஒண்ணு.” நாளைக்குச் சொல்லப்போவதை இப்போதே சொல்லிப் பார்க்கிறார். இது அவருக்கும் டாக்டருக்கும், நான் கேட்கிறதற்கில்லை. நான் மிக்ஸியைப் போட்டேன். வீடு முழுக்க இரைச்சல். ஜாருக்குள் சோறு எப்போதோ மசிந்துவிட்டது. நான் கையை எடுக்கவில்லை.